ஈரப்பதம் பத்தொன்பது

வலங்கைமான் சாலையோரக் கொள்முதல் நிலையம்.
தார்ப்பாய், தராசு, பில் புத்தகம், நான்.
மூட்டை நாற்பது கிலோ.
லாரி வராத ஒரு மத்தியானம் நானே தராசில் ஏறினேன்:
ஒரு மூட்டையும் நாலு கிலோவும்.
தீபாவளிக்கு ஒரு மூட்டையும் பதினைந்தும் இருந்தேன்.

"சாப்பிடுறியா இல்லையா?"
தலையில் நெல்லோடு நின்று கேட்டார் காத்தமுத்து.
இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன்.
தைப் பனியில் வியர்த்தது.
எட்டு எழுதினால் மூன்றாக வந்தது.
"எண்பது மூட்டைம்மா, முப்பதாக்கிடாதீங்க"
என்று கையைப் பிடித்துக்கொண்டார் ஆவூர்க்காரர் ஒருவர்.
பிடித்த கையும் சேர்ந்து நடுங்கியது.

தஞ்சாவூரில் கழுத்தைப் படம் எடுத்தார்கள்.
வலது பக்கம் ஒரு கட்டி சிவந்து எரிந்தது.
இடது பக்கம், விளக்கணைத்த வீடு.

டாக்டர் நஸ்ரீன் பானுவுக்குச் சொந்த ஊர் கூத்தாநல்லூர்.
வாய்க்கால் பாஷையிலேயே சொன்னார்:
"மேலே அணையை மூடியாச்சு.
மற்ற மதகெல்லாம் கேட்டுக்கிச்சு.
இது ஒண்ணு மட்டும் யார் சொல்லியும் கேட்காம
தொறந்தே கிடக்கு."

பஸ்ஸில் ரத்தான பில் ஒன்றின் பின்பக்கம் எழுதினேன்.

மாத்திரை. மாதம் இருநூறுக்குள் முடியும்.
படபடப்பு அடங்கும், கட்டி அப்படியே இருக்கும்,
நிறுத்தினால் திரும்ப வரும்.
காய்ச்சலோடு தொண்டை வலித்தால்
விடியும்வரை காத்திருக்காமல் ரத்தம் பார்க்க வேண்டும்.

அயோடின் குளிகை. ஒரே முழுங்கு.
கத்தி கிடையாது, தையல் கிடையாது.
கட்டி தானே குடித்துத் தானே கருகும்.
கூடவே மீதிச் சுரப்பியும் சோர்ந்துவிட்டால்
வேறொரு மாத்திரை, ஆயுளுக்கும்.
ஆறு மாதத்துக்கு இரண்டாவது பிள்ளைப் பேச்சு வேண்டாம்.
முதல் பிள்ளையைச் சில நாள்
மடியில் வைக்கக் கூடாது, பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது.

இந்த வரியில் பேனா நின்றது.
இளவேனிக்கு இரண்டு வயது.
என் கழுத்தில் கை வைத்தால்தான் தூங்குவாள்.
அந்தக் கட்டியை முதலில் கண்டுபிடித்தது அவள்தான்,
"அம்மா, பந்து."

சூட்டு ஊசி. கட்டியை மட்டும் சுடும்,
அடுத்த வயலுக்கு அநேகமாய்ச் சேதமில்லை.
அன்றே வீடு, அன்றே பிள்ளை.
ஆனால் சென்னை. கட்டி பெரிதென்றால் இன்னொரு சென்னை.
குரல் நரம்பு அங்கேதான் ஓடுகிறதாம்,
டோக்கன் நம்பர் கூப்பிட எனக்கிருப்பது இந்தக் குரல்.
செலவு என்று எழுதி, எதிரே காலியாக விட்டேன்.

"ஒரே தடவையில முடியிறதைப் பாரு" என்றார் திருப்பூரிலிருந்து அவர்.
போனில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்த முறை சீட்டை நீட்டி, எது நல்லது என்று கேட்டேன்.
டாக்டர் முழுக்கப் படித்தார். காலி இடத்தையும்.
"எதுவும் இன்னிக்கு இல்ல.
அளவு ரொம்ப ஏறியிருக்கு. முதல்ல இறங்கட்டும்.
ஆறு வாரம் மாத்திரை. அப்புறம் வாங்க, பேசலாம்."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
இந்தப் பட்டம் முழுக்க நான் சொன்ன வசனம்:
பத்தொன்பது இருக்கு, பதினேழுக்கு இறங்கட்டும்,
காயவச்சு எடுத்துட்டு வாங்க.
கேட்டதும் அவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள்.
நான் அண்ணாந்து பார்த்தேன்,
ஆஸ்பத்திரி மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மறுநாள் மீட்டரில் பத்தொன்பது காட்டியவரிடம்
பின்பக்கத் தார்ப்பாயைக் காட்டினேன்.
"திருப்பி ஏத்த வேணாம், இங்கயே கொட்டிக் காயவைங்க."
காத்தமுத்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இரவு. கட்டியின் மேல் சின்னக் கை.
அதன் அடியில் நாடி நூற்றுப் பன்னிரண்டு.
கையை எடுத்துவிட மனமில்லை.
நாற்பத்தொரு நாள் இருக்கிறது இன்னும்.